பழைய படகும் பள்ளிக் கணக்கும்



கணக்குப் பாடநூலில் வரும் வணிகர்களைப் போன்ற நல்லவர்களை நான் வெளியுலகில் கண்டதில்லை. மிதிவண்டியை 240 ரிங்கிட்டுக்கு வாங்கினேன் என்பார். 300 ரிங்கிட்டுக்கு விற்றேன் என்பார். இலாபம் எவ்வளவு என்று நம் மாணவனையே கேட்பார். அடக்க விலையைத் தாமே முன்வந்து சொல்லும் வணிகர் அந்நூலுக்கு வெளியே எங்கே இருக்கிறார்? ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் அடக்க விலை, விற்பனை விலை, இலாபம், நட்டம், கழிவு, வட்டி, காப்புறுதி என எல்லாவற்றையும் மாணவர் கற்றுவிடுகின்றனர். விடையும் பெரும்பாலும் சரியாகவே எழுதுகின்றனர். ஆனால் எதிரே ஒருவர் நின்று, "இதுதான் விலை, வேண்டுமானால் எடு" என்று சொன்னால், அதற்கடுத்து வாய் திறந்து என்ன பேசுவது என்பதை எந்த ஆண்டிலும் நாம் கற்பிப்பதில்லை.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மம்பாவ் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, புதிய பொருள் வாங்கும் நிலையில் இல்லை. பழைய மோட்டார்சைக்கிள், பழைய வேன், பழைய குளிர்பதனப்பெட்டி என்றுதான் வாழ்க்கையைத் தொடங்கின. என் மாணவி ஒருத்தியின் தந்தை, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம் என்று பழைய வேன் ஒன்றை வாங்கினார். விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். 800 ரிங்கிட் குறைத்தும் விட்டாராம். வேனின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் கடன் கொடுத்த நிறுவனத்தார் வந்து வேனை இழுத்துச் சென்றனர். அவர் சேமிப்பும் போயிற்று. மனைவியின் சங்கிலியும் போயிற்று. அம்மாணவி அவ்வாண்டு பள்ளிச் சுற்றுலாவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் வகுப்பில் கேட்கவில்லை.

விலையைக் குறைப்பதுதான் பேரம் என்று நாம் எண்ணுகிறோம். அவரும் அப்படித்தான் எண்ணினார். பேரம் என்பது முதலில் கேள்வி கேட்பது. எண் அதற்குப் பிறகுதான் வருகிறது. இதனை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு பழைய படகு.

மம்பாவிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அதிக தூரமில்லை. சிரம்பானிலிருந்து கடலுக்குப் போகும் சாலையில்தான் நாம் குடியிருக்கிறோம். விடுமுறையில் தூண்டில் போடச் செல்வோர் நம்மிடையே பலர். அவர்களுள் மூவர், மூன்று குடும்பங்களுக்கும் பொதுவாகப் பழைய பைபர் படகு ஒன்றை வாங்க எண்ணினர். ஒருவர் என் மாணவனின் தந்தை. "சார், நீங்களும் வாங்க, எழுத்துக் கித்து இருந்தா பார்க்கலாம்" என்று அழைத்தார். சென்றேன். அவருடைய மாமியாரும் உடன் வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்த கைகள், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, பேசும் மலாயோ சந்தை மலாய்.

காருக்கு ஆய்வு நிலையம் உண்டு. இன்ன ஆண்டு வண்டி இன்ன விலை என்று ஊருக்கே தெரியும். பழைய படகுக்கு அப்படியொரு பொதுவிலை கிடையாது. படகு, எஞ்சின், இழுவை வண்டி, உரிமம் என்று நான்கு தனித்தனிப் பொருள்களை ஒரே விலையில் கட்டி வைத்திருப்பார்கள். எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிவது வாங்குவோர் பொறுப்பு.

விற்பவர் வயது முதிர்ந்த மலாய் மீனவர். படகும் 15 குதிரைத்திறன் எஞ்சினும் சேர்த்து 7,000 ரிங்கிட் என்றார். நம்மவர் "போலே கூராங்?" என்றார். அவர் "ஹர்கா மாத்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 4,500 என்றார் இவர். அவர் வலையைப் பின்னத் தொடங்கிவிட்டார். இன்னொருவர் வந்து பார்த்துச் சென்றதாகவும், நாளை பணத்துடன் வருவதாகவும் இடையில் ஒரு சொல். எஞ்சினின் மூடியைத் திறக்கலாமா என்று கேட்டதற்கு விடையே இல்லை. இப்படி அரைமணி நேரம். நம்மவர்க்குக் கோபம் ஏறியது. "வாங்க சார், போயிடலாம்" என்றார்.

பாட்டி மட்டும் அசையவில்லை. கவிழ்த்துப்போட்ட ஒரு சம்பானின் மேல் அமர்ந்து, "பாங், பிள்ளைகள் எத்தனை?" என்று தொடங்கினார். கடலில் எத்தனை ஆண்டு, முழங்கால் வலிக்கு என்ன தடவுகிறீர்கள், மீனை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பேச்சு நீண்டது. பிறகு, எந்தப் பதற்றமும் இல்லாமல், "நல்ல படகை ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் உண்மை வந்தது. எஞ்சினை அவர் கடனில் வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர் அவரிடம் மீன் வாங்கும் முதலாளி. நிலுவை 1,800 ரிங்கிட். அது தீரும்வரை மீனை வேறு எவருக்கும் விற்க முடியாது; முதலாளி சொன்னதே மீனுக்கு விலை. கடற்கரைக் கம்பங்களில் இது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடுதான். ஆழத்துக்குப் போக உடம்பு இடந்தரவில்லை என்பதால், கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தில் கரையோரம் ஓட்டச் சிறு சம்பான் ஒன்று வாங்கிக்கொள்ள எண்ணியிருக்கிறார். இரண்டுக்கும் போதாத விலைக்கு இறங்கினால் படகையும் இழந்து கடனோடும் நிற்க வேண்டிவரும். அதனால்தான் அந்த முகத்திருப்பல். நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தது அவருடைய அச்சம்.

எஞ்சின் மூடி தானாகவே திறந்தது. நம்மவர்களும் அமைதியாகப் பார்த்தார்கள். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையை விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மொத்தையாக ஒலித்தது. பைபர் உறைக்குள் இருக்கும் மரம் நீர் குடித்து உளுத்திருக்கிறது. கியர் எண்ணெய் தெளிவாக இருந்தது. பால்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். காலையிலிருந்து ஓடாத எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே இரண்டாம் இழுப்பில் கிளம்பியது. (நாம் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.) பின்புறம் குளிர்நீர் தாரையாய்ப் பீறிட்டது. பின்பலகையைச் செப்பனிட 700 ரிங்கிட் ஆகும் என்று அந்தப் பெரியவரே சொன்னார். அதுவரை வாய் திறவாதவர்!

விலை 5,600 என்று முடிந்தது. அதில் 1,800 ரிங்கிட்டை நேரே முதலாளியின் கடைக்குப் போய், பெரியவர் முன்னிலையில் கட்டி, எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்டுக் கடன் தீர்ந்ததாக எழுதி வாங்கினோம். 500 ரிங்கிட் மட்டும் பெயர் மாற்ற வேலை முடிந்த பிறகு தருவதென்று ஒப்புக்கொண்டார். மிச்சம் 3,300 ரிங்கிட் அன்றே அவர் கையில். உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். மீன்பிடி உரிமம் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி மீன்வளத் துறை தருவது. படகு கைமாறிவிட்டால் அதுவும் தானாகக் கைமாறிவிடாது. "லைசென்சோடு தருகிறேன்" என்ற பேச்சுக்காகக் கூடுதல் விலை கொடுப்போர், துறை அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இக்கணக்கைப் பாடநூலில் போட்டால் நான்கு படிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த 1,800 என்ற எண்ணை மாணவன் எங்கிருந்து பெறுவான்? வினாத்தாளில் அது அச்சாகி வராது.

விற்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். விற்பவரின் கடுமைக்கு அந்த இன்னொருவரே காரணமாய் இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வ. உ. சிதம்பரனாரின் நினைவு வரும். கப்பலோட்டிய தமிழன் என்று மேடைதோறும் நம் மாணவர் முழங்குகின்றனர். 1961இல் வெளிவந்த படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய தலைமுறையும் நம்மிடையே உண்டு. ஆயினும் கப்பலை அவர் ஓட்டிய கதையைச் சொல்லும் நாம், அதை அவர் எப்படிப் பெற்றார் என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். எனக்கென்னவோ, மாணவர்க்குப் பயன்படும் பகுதி அதுவே என்று தோன்றுகிறது.

1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவானபோது அதனிடம் சொந்தக் கப்பல் இல்லை. மூலதனம் 10 இலட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட, பம்பாயைச் சேர்ந்த ஷாலைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். அவ்வழித்தடத்தைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஆங்கிலேய நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், ஷாலைன் உரிமையாளரை நெருக்கியது. அவர் பின்வாங்கினார், வாடகைக் கப்பல்கள் போயின. ஷாலைன்காரரை வஞ்சகர் என்று ஏசுவது எளிது. ஆனால் அவருக்குப் பின்னால் நின்றது யார் என்பதை வ.உ.சி. கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. போக்குவரத்து நின்றுவிடாதபடி இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். இது முதல் வேலை. வாடகை என்பது பிறர் கையில் இருக்கும் கயிறு. அதை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆகவே சொந்தக் கப்பல் வாங்கப் பணம் திரட்டப் பயணம் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மடிவேன் என்று சூளுரைத்ததாக வரலாறு கூறும். அவ்வரியை மேடையில் சொல்லும் சிறுவன், அதற்கு முன்பே கொழும்புக் கப்பல் ஓடிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டாமா? கையில் வேறொரு வழியை வைத்துக்கொண்டு பேசப் போகிறவனுடைய குரலே தனி.

1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. லாவோவைப் பிரான்சு நாட்டிலிருந்து வாங்கினர். இரண்டும் நம்மவர் சூட்டிய பெயர்கள் அல்ல என்பது கேட்டவுடனே தெரியும். சுதேசி என்ற கொள்கைக்காகப் பெயரை மாற்றிப் பூசுவதிலே பொழுதைப் போக்காமல், ஓடுகிற கப்பலா என்று பார்த்தார்களே, அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கப்பல் நிறுவனத்தைப் பற்றி 2023இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டுள்ளார். இயன்றோர் தேடிப் படிக்கலாம்.

அதன்பின் நடந்தது இன்னொரு பாடம். ஆங்கிலேய நிறுவனம் பயணக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. பின்னர்க் கட்டணமே வேண்டாம், குடையும் இலவசம் என்று ஆள் பிடித்ததாகச் சொல்வர். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது ஏறிவரத் தம் கப்பல் எதுவும் இல்லை. உயர்ந்த விலைக்குப் பின்னால் மட்டுமன்று, மிகத் தாழ்ந்த விலைக்குப் பின்னாலும் ஒருவர் நிற்பார் என்பதற்கு அந்தக் குடை ஒன்றே போதும். இன்றைக்கும் பாதி விலைக்கு எஞ்சின் ஒன்று வருகிறதென்றால், அதன் எண் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்குதுறையில் எஞ்சின் களவு போவது மீனவர்க்குத் தெரியாத செய்தியன்று.

சரி, நம்மவர்க்கு ஏன் பேரம் பேசக் கூச்சம்? என் கருத்து இது. தோட்டத்தில் நம் பெற்றோர் பொருள் வாங்கியது பெரும்பாலும் கடனில். 555 என்று அட்டையில் அச்சிட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை மறந்தோர் உண்டா? அரிசி, மீன், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். விலையை எழுதியவர் கடைக்காரர். சம்பள நாளில் கழித்துக்கொண்டவரும் அவரே. அடுத்த மாதமும் அரிசி வேண்டுமே என்று நினைப்பவர் இந்த மாத விலையைப் பற்றி வாய் திறப்பாரா? கூலியும் அப்படித்தான், அதைப் பேச ஒருவர்க்கு இடமில்லை, கூடிச் சங்கமாய் நின்றபோதுதான் இடம் கிடைத்தது. ஆனால் சம்பள நாளில் மிதிவண்டியில் துணி விற்க வந்தவரிடம் நம் பெண்கள் போட்ட போட்டை நானே பார்த்திருக்கிறேன். கையில் ரொக்கம் இருந்த அந்த ஒரு நாளில் நா எழுந்தது. ஆகவே திறமை இல்லை என்று சொல்வதற்கில்லை; புழங்க இடமின்றிப் போயிற்று. அந்தப் பாட்டியிடம் இருந்தது, மருமகனிடம் இல்லை, பேரனிடம் கேட்கவே வேண்டாம், அவன் விலையைக் கைப்பேசியில் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறான்.

பேரம் பேசுவது தாழ்ந்த செயல், பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்பதா என்று சில ஆசிரியர் கேட்கக்கூடும். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் வணிகர், கொள்ளும்போது மிகையாய்க் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாய்க் கொடாமலும் விலையை வெளிப்படையாய்ச் சொல்லி விற்றவர்கள். அப்படிப்பட்ட வணிகரிடம் பேரம் வேண்டியதில்லைதான். மற்றவரிடம் வேண்டியிருக்கிறது. சட்டம் காக்காதா என்றால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகமாக விற்பவரிடம் வாங்குவோர்க்கு நல்ல துணை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் படகைத் தனியொருவர் விற்கும்போது அதே துணையை எதிர்பார்க்க முடியாது. அங்கே கேள்வியும் கையெழுத்தும்தான் காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரைக் கசக்கிப் பிழிவதைப் பேரத்திறன் என்று நான் ஏற்கமாட்டேன். பெரியவர் அன்றிருந்த நிலையில், இன்னும் இரண்டு வாரம் காக்க வைத்திருந்தால் 4,500க்கே இறங்கியிருக்கக்கூடும். மூவரில் ஒருவர் திரும்பும் வழியில் அதைச் சொல்லவும் சொன்னார். பாட்டி, "அந்த ஆளு சம்பான் வாங்க வேணாமா?" என்றார். வண்டியில் வேறு பேச்சில்லை.

இவ்வாண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் நலக்கல்விப் பாட நேரம் ஒன்றை இதற்காக எடுத்துக்கொள்கிறேன். பழைய மிதிவண்டி ஒன்றை வகுப்புக்குள் நிறுத்திவிடுவேன். விற்பவராக நடிக்கும் மாணவனுக்கு ஒரு துண்டுத்தாள் தரப்படும். அதில் அவன் மட்டும் அறிந்த செய்தி ஒன்று இருக்கும்: அண்ணனுக்குத் தெரியாமல் விற்கிறாய்; அல்லது, வெள்ளிக்கிழமைக்குள் 60 ரிங்கிட் கட்டணம் கட்ட வேண்டும்; அல்லது, பின்சக்கரம் இரண்டு முறை ஒட்டுப்போட்டது. வாங்க வருபவன் முதல் ஐந்து நிமிடம் எந்த எண்ணையும் சொல்லக்கூடாது. கேள்வி மட்டுமே கேட்கலாம். விற்பவன் பொய் சொல்லக்கூடாது. ஆனால் கேளாததைச் சொல்ல வேண்டியதுமில்லை. ஒரு சுற்று தமிழில், ஒரு சுற்று மலாயில். ஏனெனில் வெளியே நாம் வாங்கப் போகும் இடங்களில் பாதிக்குமேல் தமிழ் செல்லாது.

முதல் முறை செய்தபோது, பெரும்பாலோர் இரண்டே கேள்வியில் நின்றுவிட்டனர். "நல்லா ஓடுமா?", "எவ்வளவு?" அவ்வளவுதான், இரண்டாவது கேள்வியும் விதிப்படி செல்லாது. கேட்டதற்கு விடை சொல்லிச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் அல்லவா! மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவன் மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சட்டகத்தின் அடியிலிருந்த எண்ணைப் படித்து, "இதுக்கு இரசீது இருக்கா?" என்று கேட்டான். விற்பவன் திருதிருவென்று விழித்தான். துண்டுத்தாளில் அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

பெற்றோர் வீட்டிலும் இதைச் செய்யலாம். அடுத்த முறை பழைய பொருள் எதையேனும் பார்க்கச் செல்லும்போது பிள்ளையை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போகாமல் கூட அழைத்துச் செல்லுங்கள். வழியில் அவனையே நான்கு கேள்விகள் எழுதச் சொல்லுங்கள். துண்டுத்தாள்கள் இதுவரை 18 எழுதி வைத்துள்ளேன். தமிழிலும் மலாயிலும் இருக்கின்றன. வேண்டும் ஆசிரியர்கள் கேட்டால் படி எடுத்துத் தருகிறேன்.